பழைய முட்டை அலமாரியை ஒழுங்குபடுத்துவது எப்படி?

புதுச்சேரியிலும் கடலூரிலும் சற்று வயதான கல்லூரிகளின் விலங்கியல் துறைகளில், ஃபார்மலின் குடுவைகளுக்கும் கைகால் கழன்ற எலும்புக்கூட்டுக்கும் பின்னால், யாரும் திறக்காத மர அலமாரி ஒன்று நிற்பதுண்டு. அதன் இழுப்பறைகளில் பழுப்பேறிய பஞ்சின் மேல் காட்டுப்பறவைகளின் முட்டைகள் வரிசையாகக் கிடந்தால், அவற்றைச் சீர்செய்யும் பொறுப்பு பெரும்பாலும் துறையின் இளைய ஆசிரியருக்கோ உதவியாளருக்கோதான் வந்து சேரும். அத்தகைய அலமாரி ஒன்றோடு இரண்டு கோடை விடுமுறைகளையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் கழித்தவன் என்ற முறையில், அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது நல்லது என்பதை இங்கே எழுதுகிறேன். முட்டையின் ஓட்டைக் காப்பாற்றுவதற்கு முன் அதைப் பற்றிய எழுத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அந்த வரிசையின் அடிப்படை. எந்தப் பறவை, எந்த ஊர், எந்த நாள், கூட்டில் இருந்த எத்தனை முட்டைகளில் ஒன்று என்ற விவரங்கள் தொலைந்துபோன முட்டை, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆய்வாளருக்கு ஏறக்குறைய வெறும் சுண்ணாம்புதான்.

சட்டமும் வாசலில் வரும் முட்டையும்

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விலங்கு என்ற சொல்லுக்குள் பறவைகளின் முட்டைகளையும் சேர்த்துக்கொள்கிறது. காட்டுப்பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டை என்ற வரையறைக்குள் வருகின்றன. ஆகவே நம் வேலை பழைய சேகரிப்பைப் பேணுவது மட்டுமே, அதில் ஒரு முட்டையைக்கூடப் புதிதாகச் சேர்ப்பதல்ல. அலமாரி எப்படித் துறைக்கு வந்தது என்பதைக் காட்டும் பழைய இருப்புப் பதிவேடு, நன்கொடைக் கடிதம் போன்றவற்றை முதலில் தேடி எடுத்து நகலெடுத்து வையுங்கள். சேகரிப்பின் இருப்பை எழுத்து மூலமாக வனத்துறைக்குத் தெரிவித்து, அவர்கள் தரும் பதிலையும் அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள். கடலூர் என்றால் தமிழ்நாடு வனத்துறை, புதுச்சேரி என்றால் அந்த ஆட்சிப்பகுதியின் வனத்துறை. இரண்டு ஊர்களும் பக்கத்தில் இருந்தாலும் எல்லைக்கோடு அலுவலகத்தை மாற்றிவிடும்.

துறையில் முட்டை வேலை நடக்கிறது என்ற செய்தி பரவினால், கோடையில் யாராவது முட்டையோடு வருவார்கள். பாகூர்ப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் சட்டைப் பையிலிருந்து ஆள்காட்டிப் பறவையின் முட்டை ஒன்றை எடுத்து நீட்டி, “அண்ணா, இத உங்க பெட்டியில வெச்சுக்குங்க” என்றான். வாங்கிக்கொண்டால் இன்னும் நான்கு சிறுவர்கள் வருவார்கள். “தம்பி, எடுத்த இடத்துலயே கொண்டுபோய் வெச்சிடு, அம்மாப் பறவை தேடும்” என்று சொல்லி அனுப்பினோம். அவன் முகம் வாடியதால் அலமாரியைத் திறந்து நான்கு ஆள்காட்டி முட்டைகள் ஒன்றாக இருப்பதைக் காட்டினோம். அந்த நான்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தொடுவதற்கு முன்

இழுப்பறையைத் திறந்ததும் கை வைக்காமல் முதலில் நேர் மேலிருந்து புகைப்படம் எடுங்கள். எந்தச் சீட்டு எந்த முட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது, எந்த மூலையில் உடைந்த துண்டுகள் இருக்கின்றன என்பதெல்லாம் தகவல். ஒருமுறை கலைந்தால் திரும்பாது. நான் இதைக் கற்றது ஒரு விபத்தில். முதல் நாள் மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க இரண்டாம் இழுப்பறையை இழுத்தோம். சிகரெட் அட்டை அளவுகூட இல்லாத ஏழெட்டுச் சீட்டுகள் எழும்பிப் பறந்து மேசைக்கடியில் போய் விழுந்தன. அவற்றில் மூன்றை எந்த முட்டைகளோடு சேர்ப்பது என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வியர்த்துக் கொட்டினாலும் விசிறியை நிறுத்திவிட்டு, காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துக்கொள்வதே இந்தக் கடற்கரைக்கு ஏற்ற வழி.

மேசைமேல் தடித்த துவாலையை விரித்து, நான்கு ஓரங்களையும் உருட்டி வரப்புபோல் உயர்த்துங்கள். உருளும் முட்டை அங்கேயே நின்றுவிடும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உட்கார்ந்து வேலை செய்யுங்கள். கையில் பொருந்தும் மெல்லிய நைட்ரைல் உறை அணிவது நல்லது, ஏனெனில் பழைய அலமாரிகளில் பறவைத் தோல்களும் கூடவே வைக்கப்பட்டிருந்தால் ஆர்சனிக், பாதரசக் கலவைகள், டிடிடி தூள் ஆகியவற்றின் மிச்சம் படிந்திருக்கலாம். பருத்தி உறை வேண்டாம்; அது வழுக்கும். முட்டையின் இரு முனைகளையும் விரலால் பிடித்துத் தூக்காமல், அடியிலிருந்து தாங்கி எடுங்கள். தையல் சிட்டின் முட்டை 16 மி.மீ. நீளம்தான் இருக்கும், அதை எடுக்க ஐஸ்கிரீம் கடையில் தரும் சிறிய பிளாஸ்டிக் கரண்டியைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. எந்த முட்டையையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். இரண்டடி தூரமானாலும் தட்டில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

பெரும்பாலான முட்டைகளின் பக்கவாட்டில் துளை ஒன்று இருக்கும். அதன் வழியாகத்தான் சேகரித்தவர் உள்ளீட்டை ஊதி வெளியேற்றியிருப்பார். துளையே இல்லாத முட்டை கையில் கனமாகத் தெரிந்தால், அதை ஆட்டிப் பார்க்கவோ துளையிடவோ முயலாதீர்கள். உள்ளே அழுகிய வாயு அடைபட்டிருக்கலாம். மூடியுள்ள தனிப்பெட்டியில் வைத்து, காற்றோட்டமான இடத்தில் ஒதுக்கிவிடுங்கள்.

ஓட்டின் மேலுள்ள எழுத்தைப் படித்தல்

வேலையின் பெரும்பகுதி இதுதான், அதிக நேரத்தையும் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். துளைக்குப் பக்கத்தில் பென்சிலாலோ கறுப்பு மையாலோ சிறு எண்கள் இருக்கும். எங்கள் அலமாரியில் நான்கு ஆள்காட்டி முட்டைகளிலும் “23/4” என்று எழுதியிருந்தது. ஏப்ரல் 23 என்று எடுத்துக்கொண்டு பதிவேட்டில் தேதி நிரப்பத் தொடங்கினோம். அது ஆள்காட்டி முட்டையிடும் பருவம் என்பதால் சந்தேகமும் எழவில்லை. அடுத்து வந்த ஐந்து முட்டைகளில் “31/5” என்றிருந்தது, அதுவும் மே 31-ஆகப் பொருந்தியது. மூன்றாவதாக வந்த “47/3” தான் எங்களை நிறுத்தியது. எந்த மாதத்துக்கும் 47-ஆம் தேதி கிடையாது. அந்தக் குழுவில் இருந்தவை மூன்று முட்டைகள். முந்தையதில் ஐந்து, அதற்கு முந்தையதில் நான்கு. முதல் எண் சேகரித்தவரின் வரிசை எண், இரண்டாம் எண் அந்தக் கூட்டில் ஓர் ஈட்டில், அதாவது பறவை ஒரு தடவையில் இட்ட தொகுதியில், இருந்த முட்டைகளின் எண்ணிக்கை என்பது அப்போதுதான் விளங்கியது. அதுவரை நிரப்பிய தேதிகள் அனைத்தையும் அடித்துத் திருத்தினோம்.

உங்கள் அலமாரியில் முறை வேறாக இருக்கலாம். சிலர் ஆண்டையும், சிலர் அக்காலப் பட்டியல் நூல்களில் பறவைக்குத் தரப்பட்ட இன எண்ணையும் எழுதியிருப்பார்கள். ஆகவே ஒரே கையெழுத்துள்ள குறைந்தது பத்துக் குழுக்களையாவது ஒன்றாகப் பரப்பி வைத்துப் பார்க்காமல் எந்த எண்ணுக்கும் பொருள் சொல்லாதீர்கள். இரண்டாம் எண் 5 என்றிருந்து, கையில் நான்கு முட்டைகள்தான் இருந்தால், ஒன்று உடைந்திருக்கலாம் அல்லது வேறு இழுப்பறையில் கிடக்கலாம் என்பதையும் அதே எண் உங்களுக்குச் சொல்லிவிடும்.

சீட்டுகளில் உள்ள இடப்பெயர்களை எழுதியுள்ளபடியே பதியுங்கள், விளக்கத்தை வேறு கட்டத்தில் எழுதுங்கள். தென் ஆற்காடு என்றிருந்தால் அதைக் கடலூர் என்று மாற்றக் கூடாது. 1993-இல் பிரிக்கப்படும்வரை அந்த மாவட்டம் இன்றைய விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளையும் உள்ளடக்கியிருந்தது. புதுச்சேரியில் 1954 வரை பிரெஞ்சு நிர்வாகம் இருந்ததால் பிரெஞ்சுக் கையெழுத்தும் எதிர்ப்படும். அவர்களுடைய 1 என்ற இலக்கம் நீண்ட கொம்போடு நம் கண்ணுக்கு 7 போலத் தெரியும். உண்மையான 7-க்கு அவர்கள் நடுவே குறுக்குக் கோடு போடுவார்கள். ஜூன், ஜூலை மாதங்களின் பிரெஞ்சுப் பெயர்கள் மங்கிய மையில் ஒன்றுபோலவே தோன்றும். இதைவிட ஏமாற்றக்கூடியது, 7 என்ற இலக்கத்தோடு சில எழுத்துகளை ஒட்டிச் செப்டம்பரைக் குறிக்கும் பழைய சுருக்கம். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு என்பதால் வந்த வழக்கம் அது. ஏழாம் மாதம் என்று ஜூலையில் பதிந்துவிட்டால், அந்தப் பறவையின் இனப்பெருக்கப் பருவமே இரண்டு மாதம் நகர்ந்துவிடும்.

இன்னொரு பொறி அறிவியல் பெயரில் இருக்கிறது. நம் கவுதாரிக்கும், மரங்களில் திரியும் ஒரு சிறு பறவைக்கும் ஜெர்மானிய இயற்கையாளர் குமெலின் 1789-இல் பாண்டிசேரியானஸ் என்ற பெயரை வைத்தார். அந்தச் சொல்லைச் சீட்டில் பார்த்த மாணவர் ஒருவர், கவுதாரி முட்டைகள் அனைத்துக்கும் கிடைத்த இடம் புதுச்சேரி என்று நிரப்பியிருந்தார். பெயர் புதுச்சேரியிலிருந்து வந்தது, முட்டை வந்தது எங்கிருந்தோ. சீட்டின் பின்பக்கத்தில் வேறு ஊர் இருந்தது. எல்லாச் சீட்டுகளையும் திருப்பிப் பார்க்க வேண்டும். அதே கவுதாரி பழைய சீட்டுகளில் ஃப்ராங்கோலினஸ் என்ற பேரினத்தில் இருக்கும், இன்றைய பட்டியல்களில் ஆர்ட்டிகோர்னிஸ் பேரினத்துக்கு மாறிவிட்டது. பழைய பெயரை அழிக்காமல், புதிய பெயரை இன்னார், இன்ன தேதியில் சேர்த்தார் என்ற குறிப்போடு அடுத்த கட்டத்தில் எழுதுங்கள்.

எந்தப் பறவையின் முட்டை?

சீட்டே இல்லாத முட்டையின் இனத்தை ஓட்டை மட்டும் பார்த்து உறுதி செய்ய முயல்வது ஆபத்தான பொழுதுபோக்கு. மீன்கொத்தி, ஆந்தை, கிளி போன்று பொந்துகளில் முட்டையிடும் பறவைகளுடையவை வெள்ளையாக இருக்கும். மைனாவுடையது புள்ளியற்ற நீலம். இலைக்கோழியுடையது வெண்கலம் மின்னுவதுபோன்ற பழுப்பு. ஆள்காட்டியுடையது ஒரு முனை கூர்ந்து, மண்ணோடு மண்ணாகத் தெரியும் கறுப்புத் திட்டுகள் கொண்டது. இந்த அளவுக்குக் குடும்பத்தைக் கணிக்கலாம். அதற்கு மேல் போனால் “இருக்கக்கூடும்” என்ற சொல்லைச் சேர்த்தே எழுதுங்கள்.

ஒரு குழுவில் ஒரே ஒரு முட்டை மட்டும் மாறுபட்டிருந்தால் அதை அவசரப்பட்டுப் பிரித்துவிடக் கூடாது. காக்கை முட்டைகளுக்கு நடுவே சிறியதாகவும் செம்பழுப்புப் புள்ளிகளோடும் ஒன்று இருந்தால் அது குயில் இட்டதாக இருக்கலாம். தவிட்டுக்குருவியின் நீல முட்டைகளுக்கிடையே சற்றுப் பெரிய நீல முட்டை இருந்தால், அக்காக்குயிலையோ சுடலைக்குயிலையோ நினைத்துப் பாருங்கள். சேகரித்தவர் தெரிந்தே சேர்த்து வைத்ததை நாம் ஒழுங்கு என்ற பெயரில் கலைத்துவிட்டால் அந்தக் குழுவின் மதிப்பே போய்விடும்.

தூசி, புளிப்பு, ஈரம்

சுத்தம் செய்வதற்கு மென்மையான ஓவியத் தூரிகை போதும். தண்ணீர் பட்டால் மை கரையும், ஆகவே ஈரத்துணிகூட வேண்டாம். வார்னிஷ் பூசவே கூடாது. அழுக்கு என்று தோன்றுவதெல்லாம் அழுக்கல்ல: முக்குளிப்பான் கூட்டை விட்டுப் போகும்போது முட்டைகளின் மேல் நீர்த்தாவரங்களைப் போட்டு மூடுவதால், வெளுப்பாக இட்ட முட்டை நாளடைவில் பழுப்பாகிவிடும். அந்தக் கறையைத் தேய்த்து எடுப்பது பதிவேட்டின் ஒரு வரியை அழிப்பதற்குச் சமம். நீர்க்காக முட்டையின் மேலுள்ள சுண்ணாம்புப் படலமும் இயல்பானதுதான்.

முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்; அமிலம் அதன் பகை. மரம், ஒட்டுப்பலகை, புதிய பெயின்ட், சில வகை சிலிக்கோன் பசைகள் ஆகியவற்றிலிருந்து அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகள் கசிகின்றன. மூடிய இழுப்பறையில் அந்த ஆவியும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் ஓட்டின் மேல் வெள்ளைத் தூளோ ஊசிபோன்ற படிகமோ பூக்கும். இதற்கு, பைன் (Byne) என்பவரின் பெயரால், பைன் நோய் என்று பெயர் வைத்திருந்தாலும் இது நோயல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றாது, ஆனால் ஒரே இழுப்பறையில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே காரணம் தாக்கும். இழுப்பறையைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தால் அன்றே முட்டைகளை வெளியேற்றுங்கள். பித்தளைக் கைப்பிடிகள் கறுத்திருப்பதைப் பார்த்து, குத்துவிளக்கு விளக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்கும் ஆசை எங்கள் உதவியாளர் அக்காவுக்கு வந்தது. நல்ல வேளையாக இழுப்பறைகள் அடுத்த அறையில் இருந்தன.

முட்டைகள் போக வேண்டிய இடம், தூள்பூச்சுச் செய்த இரும்பு பீரோ. உள்ளே அமிலமற்ற அட்டையாலான சிறுபெட்டிகள், அவற்றில் பாலித்தீன் நுரைத் தகட்டில் வெட்டிய குழிகள். பழைய பஞ்சு வேண்டாம். அதன் இழைகள் துளையின் ஓரத்தில் மாட்டி ஓட்டை உடைக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். அட்டையை ஒட்ட வெள்ளைப் பசையைப் பயன்படுத்தினால் அதுவும் அமில ஆவியை வெளியிடும், மடித்துச் செருகும் பெட்டிகளே மேல்.

ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருப்பது சிறப்பு. கடலூர், புதுச்சேரி போன்ற இடங்களில் அது எளிதல்ல, 60-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாலே பெரிய வேலை செய்ததாக எண்ணிக்கொள்ளலாம். அலுவலக நேரத்தில் மட்டும் ஓடி மாலை ஐந்து மணிக்கு அணைக்கப்படும் ஏசியைவிட ஏசியே இல்லாத அறை நல்லது என்பது என் கருத்து. தினமும் ஏறி இறங்கும் ஈரப்பதம் நிலையான ஈரப்பதத்தைவிட அதிகக் கேடு செய்யும். நன்றாக மூடும் பீரோவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் சிறிய ஈரமானியும் வைத்து, ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் சூடாக்கித் திரும்ப வையுங்கள். நீல நிற ஜெல்லில் கோபால்ட் சேர்மம் இருப்பதால் ஆரஞ்சு நிற வகையை வாங்குவது பாதுகாப்பு. அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி பெட்டிக்குள் மீண்டும் படிகமாகப் படியும், மூச்சுக்கும் கேடு. பூச்சிகளில் நீங்கள் அஞ்ச வேண்டியது இராமபாணப் பூச்சிக்கு. அது ஓட்டைத் தொடாது, சீட்டைத்தான் தின்னும்.

இந்தக் கரையில் புயலையும் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பல நாள் மின்சாரம் இல்லை. 2015-இல் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. ஆகவே பீரோவைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் கீழ்த் தட்டைக் காலியாக விட்டு, கால்களுக்குக் கீழே கல் கொடுத்து உயர்த்துங்கள். ஜன்னலை ஒட்டியும் வைக்காதீர்கள். ஓட்டின் நீலப்பச்சைக்குப் பிலிவெர்டின் என்ற நிறமியும் பழுப்புக்குப் புரோட்டோபார்ஃபைரின் என்ற நிறமியும் காரணம். இரண்டும் வெளிச்சத்தில் மங்கும். பார்வையாளருக்குக் காட்ட வேண்டும் என்றால் மரத்திலோ பிளாஸ்டர் மாவிலோ மாதிரி முட்டை செய்து வண்ணம் தீட்டி வையுங்கள்.

அளந்து பதிதல்

பிளாஸ்டிக் வாயுள்ள வெர்னியர் அளவியால் நீளத்தையும் அகலத்தையும், 0.01 கிராம் காட்டும் தராசால் எடையையும் குறியுங்கள். இது வெறும் சடங்கல்ல. பிரிட்டனில் டெரெக் ராட்க்ளிஃப் 1967-இல் வெளியிட்ட ஆய்வு, பழைய சேகரிப்புகளில் இருந்த வல்லூறு முட்டை ஓடுகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இளைத்துவிட்டதைக் காட்டியது. டிடிடி பூச்சிக்கொல்லி உடலில் சிதைந்து உண்டாகும் டிடிஇ, ஓட்டில் கால்சியம் படிவதைத் தடுத்ததே காரணம் என்று பின்னர் உறுதியானது. அவர் பயன்படுத்திய கணக்கு எளியது: வெற்று ஓட்டின் எடையை மில்லிகிராமில் எடுத்து, மில்லிமீட்டரில் உள்ள நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். 42 மி.மீ. நீளமும் 30 மி.மீ. அகலமும் கொண்ட ஓடு 1,100 மில்லிகிராம் இருந்தால், 1,260-ஆல் வகுக்க 0.87 வரும். ஊதும் துளை பெரிதாக இருந்தாலோ, உள்ளே காய்ந்த கரு ஒட்டியிருந்தாலோ கணக்கு பிழைக்கும், ஆகவே துளையின் விட்டத்தையும் குறித்துவிடுங்கள். உடைந்த ஓடுகளையும் எறியாமல், ஒட்டவும் முயலாமல், எண்ணிட்ட சிறு பெட்டியில் சேர்த்து வையுங்கள். வேதியியல் ஆய்வுக்கும் மரபணு ஆய்வுக்கும் துண்டு கொடுக்க அவைதான் உதவும். முழு ஓட்டில் கை வைக்க வேண்டியிருக்காது.

பதிவேட்டில் ஓர் ஈட்டுக்கு ஒரு எண், அதிலுள்ள ஒவ்வொரு முட்டைக்கும் அ, ஆ, இ என்று உள்ளெண் என்பது போதுமான முறை. நம் புதிய எண்ணை ஓட்டில் எழுதாமல் பெட்டியிலும் அட்டையிலும் எழுதுங்கள். ஓட்டின் மேலுள்ள இடம் பழைய எழுத்துக்கு உரியது. கணினி அட்டவணையோடு தைத்துக் கட்டிய தாள் பதிவேடு ஒன்றும் இருக்கட்டும், நகல் வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். பறவையின் தமிழ்ப் பெயருக்கு ஒரு கட்டம் ஒதுக்கி, அதில் நூற்பெயரோடு ஊர்வழக்கையும் எழுதுங்கள்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும், தட்டை உள்ளே தள்ளுவதற்கு முன் முட்டைகளை எண்ணி, எண்ணிக்கையையும் தேதியையும் பென்சிலால் தட்டின் முகப்புச் சீட்டில் எழுதிவிட்டு, இரண்டு கைகளாலும் பிடித்து மெல்லத் தள்ளுங்கள். கடைசி அரை அங்குலத்தில்தான் எல்லோரும் இடுப்பால் ஒரு தட்டுத் தட்டி மூடுவார்கள், முட்டைகள் ஒன்றோடொன்று மோதுவதும் அப்போதுதான்.